தகரம் நான்கு, தாழ்ப்பாள் உள்பக்கம்

மார்ச் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு என் மதினி சந்தனக்கனியின் கைப்பட்டை ஒரு செய்தி சொன்னது. அவருடைய இடது சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கைச் சல்லடை வைக்க இருபத்தெட்டாம் தேதி நாள் குறித்திருக்கிறார்கள். அப்போது மதினி மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் மாலை வகுப்புக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எதையும் நேரத்தோடு எழுதி வைப்பது என் பழக்கம். என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் உறுதியானவை, வலப்பக்கம் சந்தேகமானவை. பெரும்பாலான நாட்களில் வலப்பக்கம்தான் முதலில் நிறையும்.

பட்டையின் குரல் அன்பான குரல். "சந்தனக்கனி, கவலைப்பட வேண்டாம், நாங்கள் உங்களோடு இருக்கிறோம்" என்று முடித்தது. முழங்கைக்கு மேலே கட்டியிருந்த பட்டையின் பச்சைப் புள்ளியை மதினி மோவாயால் ஓர் அமுக்கு அமுக்கினார். செய்தி புரிந்தது என்று அதற்கு அர்த்தம். பிறகு மிச்ச மீனையும் கழுவி முடித்தார்.

பட்டையை இயக்கும் நலத்துணை வந்து ஏழு வருடமாகிறது. தமிழ்நாட்டில் எல்லார் கையிலும் பட்டை உண்டு. ரத்த அழுத்தம், உடம்பின் நீர், சர்க்கரை எல்லாவற்றையும் அது அளக்கும். நடுநடுவே கேள்வி கேட்கும். மாத்திரை போட்டீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, தூங்கினீர்களா. அளந்ததையும் கேட்டதையும் கோடிக்கணக்கானவர்களின் பதிவோடு ஒப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும். டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். நலத்துணை சொன்னதை நிறைவேற்றும் இடத்தில் இருக்கிறார்கள்.

அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் அப்பாவின் மாரடைப்பை ஒன்றரை நாள் முன்னதாகவே சொன்னது அதுதான். அப்பா இன்றும் உள்ளறையில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் துறைமுகத்திலிருந்து வந்ததும் பேச்சு தொடங்கியது. அண்ணன் பெயர் ஐகோர்ட்ராஜா. எங்கள் பக்கத்துச் சாமியின் பெயர் அது. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள்.

"மெசின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான் அண்ணன். "அப்பாவுக்குச் சொல்லலியா?"

"மாமாவுக்குச் சொன்னது சரி. எனக்குச் சொன்னதத்தான் கேக்கேன். எதுக்கு வெட்டணும்னு யார்ட்ட போயிக் கேக்க?"

"என்ட்ட கேளுங்க மதினி" என்றேன்.

பகலில் நான் வேலை பார்ப்பது நலத்துணையின் மாவட்ட அலுவலகத்தில். மக்கள் பட்டைக்குச் சொல்லும் பதில்களை எவ்வளவு நம்பலாம் என்று பார்த்துத் தரம் போடுவது என் வேலை. எண்கள்தான் வரும், பெயர்கள் வராது. இருந்தாலும் விஷயம் தெரிந்தவன் என்று வீட்டில் எனக்கு ஓர் இடம் இருந்தது.

"ஒங்க ஒடம்புல தண்ணி கொறஞ்சிருக்குன்னு பட்ட அளந்திருக்கு. அதுக்கு ரெண்டு காரணம்தான் மதினி. ஒண்ணு, தண்ணி குடிக்காம இருக்கணும். இல்லன்னா குடிச்ச தண்ணிய சிறுநீரகம் பிடிச்சு வைக்காம விட்டுரணும். நீங்க தெனமும் மூணரை லிட்டர் குடிக்கீங்கன்னு ஒங்க பட்டையில இருக்கு. ரெண்டு வருசமா ஒரு நாள் விடல. அப்ப மிச்சம் இருக்குறது ரெண்டாவது காரணம்தான்."

மதினி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மீன் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

"சல்லடை வச்சா வெயில்ல வேல பாக்கக் கூடாதாமே."

"ஆமா."

"அப்ப உப்பளத்துக்குப் போக முடியாது."

"வீட்டுல இரு" என்றான் அண்ணன். "யாரு போகச் சொன்னா?"

"இருந்து? ஒங்க மொகரயப் பாத்துக்கிட்டா?"

அண்ணன் சிரித்துவிட்டான். மதினி சிரிக்கவில்லை. முள்ளக்காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் உப்பளத்தில் பதினோரு பெண்களை முன்னின்று நடத்துகிறவர் அவர்தான். பாத்தியில் உப்பு வாரும் பலகை உரசும் சத்தத்தை வைத்தே உப்பு தேறிவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். பதினாறு வயதிலிருந்து அந்த வெள்ளை நிலத்தில்தான் அவர் பெயர் எடுத்திருக்கிறார்.

மறுக்கவும் வழி இல்லை. மறுத்தால் உடன்படாதவர் பட்டியலில் பெயர் ஏறும். குடும்பம் முழுவதற்கும் காப்பீடு நின்றுவிடும். அப்பாவின் இதய மாத்திரை அதில்தான் வருகிறது.

"எனக்கு ஒண்ணுமில்லன்னு நான் சொல்லல தம்பி" என்றார் மதினி என்னிடம். "தல இடிக்கி. சாயங்காலமானா காலு வீங்குது. ஏதோ இருக்கு. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஆளுட்ட கேக்கணும். ஆளுன்னா, எதுத்தாப்புல ஒக்காந்து என்னப் பாத்துக் கேக்குற ஆளு."

எனக்கு ஒரே ஓர் ஆளைத்தான் தெரியும். சொல்லத் தயக்கமாக இருந்தது. காரணம் அவரைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

மெற்றில்டா அக்கா என்னோடு மாலை வகுப்பில் படிக்கிறவர். ஆறரை முதல் எட்டரை வரை பாலிடெக்னிக்கில் நலப் பதிவு மேலாண்மை வகுப்பு நடக்கிறது. வைத்தியம் பார்க்கிற எவரும் இந்தச் சான்றிதழ் இல்லாமல் பலகை மாட்டக் கூடாது என்று போன வருடம் சட்டம் வந்துவிட்டது. மெற்றில்டா அக்கா பாளையங்கோட்டையில் ஐந்தரை வருடம் சித்த மருத்துவம் படித்தவர். தருவைக்குளத்தில் பன்னிரண்டு வருடமாக வைத்தியம் பார்க்கிறார். இப்போது முப்பத்தாறு வயதில் எங்களோடு சன்னலோர பெஞ்சில் உட்கார்ந்து, பொட்டலத்திலிருந்து வறுகடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே கட்டங்களை நிரப்பப் படிக்கிறார். பின்வரிசையில் அவருக்கு வேர் டாக்டர் என்று பெயர்.

பிப்ரவரியில் ஒருநாள் அவர் எழுந்து ஆசிரியரிடம் கேட்டார்.

"சார், நோயாளி பேசாம இருந்தா அத எந்தக் கட்டத்துல பதியணும்?"

"பேசலன்னா பதில் இல்லன்னு போடுங்கம்மா."

"எனக்கு அதுதான் சார் பாதிப் பதிலே."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று இரவு அதை வலப்பக்கத்தில், சந்தேகமானவற்றில் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அவரிடம் மதினியைப் பற்றிச் சொன்னேன். அறிக்கையைக் காட்டட்டுமா என்றேன்.

"அறிக்கை கெடக்கட்டும். அவங்களக் கூட்டிட்டு வா."

"நீங்க பாத்தா அது கணக்குல வராது அக்கா. ஒங்களுக்கு இன்னும் சான்றிதழ் இல்ல."

"கணக்குல வராதுன்னா நல்லதுதான். நிதானமாப் பேசலாம்" என்று சொல்லி ஒரு கடலையை என் கையில் வைத்தார்.

மார்ச் ஏழாம் தேதி, சனிக்கிழமை. உப்பளம் முடிந்து வந்ததும் மதினி குளித்துவிட்டுக் கிளம்பினார். மூன்று மணி பேருந்தில் தருவைக்குளம் போனோம். மெற்றில்டா அக்காவின் வைத்திய அறை அவர் வீட்டின் முன்னறைதான். ஒரு மேசை, மூன்று நாற்காலி, சுவரில் மாதா படம், கீழ்த்தட்டில் பேர் எழுதிய புட்டிகள். வெயிலில் வந்தவர்கள் என்று பெரிய சில்வர் டம்ளரில் ஆளுக்கு ஒரு மோர் கொடுத்தார். நான் ஒரே மூச்சில் குடித்து முடித்தேன்.

அவர் முதலில் மதினியின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். நாக்கைப் பார்த்தார். கண் இமையை இறக்கிப் பார்த்தார். கால் வீக்கத்தில் பெருவிரலை அழுத்தி, பள்ளம் மேலே வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார். ரத்த அழுத்தக் கருவியையும் எடுத்துக் கட்டினார். எதற்கும் எதையும் சொல்லவில்லை. நோட்டில்கூட எழுதவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

"இப்ப நேத்து ஒரு நாளச் சொல்லுங்க" என்றார். "முழிச்சதுல இருந்து படுத்த வரைக்கும். எதையும் விட்டுராதீங்க."

மதினி சொன்னார். நாலு மணிக்கு எழுந்தது, தேங்காய்த் துவையல் அரைத்தது, நாலே முக்காலுக்கு வேன் வந்தது. பாத்தி, பலகை, கரை, உப்பு அம்பாரம். ஒன்பதரைக்குச் சோறு. இரண்டு மணிக்குத் திரும்பி வந்தது. அக்கா குறுக்கே பேசவில்லை. எங்காவது மதினி தாண்டிப் போனால் மட்டும், "சோறு தின்னீங்க, பொறவு?" என்று இழுத்து நிறுத்தினார். அப்போதெல்லாம் மதினியின் பேச்சு ஒரு நொடி தடுமாறியது. அதை நான் அப்போது கவனிக்கவில்லை. இரவு எழுதும்போதுதான் கவனித்தேன்.

எல்லாம் சொல்லி முடித்ததும் மெற்றில்டா அக்கா மேசையைக் காட்டினார். மதினியின் டம்ளர் அப்படியே இருந்தது. உதட்டில் ஒற்றி எடுத்த தடம் மட்டும் விளிம்பில் தெரிந்தது.

"மோர் குடிக்கலியே?"

"தாகம் இல்லங்க டாக்டரம்மா."

"ஒரு மணி நேரம் பஸ்ல வந்திருக்கீங்க. ஒதடு வெடிச்சிருக்கு. தாகம் இல்லங்கீங்க." குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. "உப்பளத்துல எங்க ஒதுங்குவீங்க?"

மதினி என்னைப் பார்த்தார்.

"தம்பி" என்றார் மெற்றில்டா அக்கா, "வெளிய ஒரு முருங்க நிக்கி. அதுல எத்தன காய் இருக்குன்னு எண்ணிட்டு வா. சரியா எண்ணணும்."

எண்ணினேன். நாற்பத்திரண்டு. மறுபடி எண்ணினேன், நாற்பத்தொன்று. மூன்றாம் முறை எண்ணிக்கொண்டிருக்கும்போது உள்ளே மதினி அழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிக்கும் சத்தமும் கேட்டது. அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

உள்ளே நடந்ததை மதினியே பேருந்து நிறுத்தத்தில் வைத்து என்னிடம் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல், சாலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அங்க ஒரு செடி கெடயாது தம்பி. கண்ணுக்கு எட்டுற வரைக்கும் வெள்ளதான். ஆம்பளைங்க கரைக்கு அந்தப் பக்கம் போயிருவாங்க. நாங்க எங்க போக? தண்ணி குடிச்சாத்தான போகணும். குடிக்கிறதில்ல. வேன் ஏறுறதுல இருந்து வீட்டுக்கு வர வரைக்கும் ஒரு சொட்டு கெடயாது. பழகிட்டு. இப்ப வீட்டுலயும் குடிக்கத் தோண மாட்டேங்குது."

"பட்ட கேக்குமே மதினி. மணிக்கொரு தடவ கேக்குமே."

"மாமியாவா?" உப்பளத்தில் பட்டைக்கு அதுதான் பேர் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. "அது பதில் சொல்ற வரைக்கும் கத்தும். கையில பலக இருக்கும். இல்லன்னு அமுக்குனா ஏழு கேள்வி கேக்கும். ஆமான்னு மோவாயால ஒரு அமுக்கு. வாய மூடிரும். எல்லாரும் அப்படித்தான்."

"அன்னைக்கு வீட்டுல நான் கேட்டப்ப சொல்லிருக்கலாமே."

"நீ எங்க கேட்ட? நீ எனக்கு வெளக்குன."



மெற்றில்டா அக்கா கொடுத்த சீட்டை மதினி என்னிடம் நீட்டினார். அதில் நல்ல கையெழுத்தில் இருந்தது இதுதான்.

தண்ணீர், மணிக்கு ஒரு டம்ளர். காலையில் நீராகாரம். வாரம் மூன்று நாள் வாழைத்தண்டு. இரவு ஒன்பதுக்குப் படுக்கை. தலைவலி மாத்திரை நிறுத்தவும். சிறுநீர், ரத்தம் இரண்டும் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கவும். நாற்பத்தெட்டு நாள் கழித்து மறுபடியும் பார்க்கவும்.

அதன் கீழே, மருந்து எழுதும் இடத்தில், தகரம் நான்கு, கதவு ஒன்று, தாழ்ப்பாள் உள்பக்கம்.

திங்கட்கிழமை வகுப்புக்கு முன்னால் நான் அக்காவிடம் கேட்டேன். "அப்ப வெட்டவே வேண்டாம், அப்படித்தான?"

"அப்படிச் சொல்ல நான் யாரு? இத்தன வருசம் காஞ்சு கெடந்த சிறுநீரகம். கெட்டும் போயிருக்கலாம். இப்பம் வெட்டாதீங்கன்னுதான் சொல்லுதேன். ஒரு செடி வாடுனா முதல்ல தண்ணி ஊத்திப் பாப்போமா, புடுங்குவோமா?"

"வாழத்தண்டு கேக்குமா?"

"வாழத்தண்டு ஒரு கூட்டுதான் தம்பி. அது பெரிய மந்திரம்னு நான் சொல்லல. மருந்து அந்தக் கடைசி வரியில இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நானும் தப்பா இருக்கலாம். அதுக்குத்தான் ஆய்வகம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ பாக்கணும். எண்ணு கீழ போச்சுன்னா நானே கூட்டிட்டுப் போயி ஆஸ்பத்திரியில படுக்க வைப்பேன்."

நானும் தப்பா இருக்கலாம். எங்கள் அலுவலகத்தில் ஐந்து வருடத்தில் யாரும் அந்த வாக்கியத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. நலத்துணையும் சொன்னதில்லை. அதை நான் இடப்பக்கத்தில் எழுதினேன்.

அன்று காலையிலேயே வேறொரு காரியமும் செய்திருந்தேன். அலுவலகத்தில் மதினியின் பட்டை எண்ணைப் போட்டு அவருடைய பதில் வரிசையைத் திறந்தேன். எழுநூற்று முப்பது நாட்கள். நாளுக்கு ஒன்பது தண்ணீர்க் கேள்விகள். ஆறாயிரத்து ஐந்நூற்று எழுபது கேள்விகளுக்கும் ஆம். சராசரியாக மூன்று நொடியில் பதில். ஓரத்தில் தரம்: ஒன்று. மிகவும் நம்பகமானவர். சோதித்தவர் பெயரும் இருந்தது. இசக்கிதுரை.

அது நான்தான்.

வேகமாகவும் விடாமலும் பதில் சொல்கிறவர்கள் உடம்பின் மேல் அக்கறை உள்ளவர்கள் என்பது நானே கண்டுபிடித்த விதி. இரண்டு வருடம் முன்பு அதற்காக எனக்குப் பாராட்டுச் சான்றிதழ்கூடத் தந்தார்கள். அன்றிலிருந்து அந்த உப்பள வட்டாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்களுக்கு முதல் தரம் போட்டிருக்கிறேன். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்துத்தான் போட்டேன். நான் முதல் தரம் போட்டதால்தான் இயந்திரம் அந்த ஆம்களை நம்பியது. நம்பியதால்தான் கத்தியை எடுத்தது.

நானூற்றுப் பன்னிரண்டு பேரின் தரத்தையும் கடைசித் தரத்துக்கு இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள் மேலாளர் பிரின்சி மேடம் கூப்பிட்டார்.

"துரை, இதெல்லாம் நீ போட்ட தரம்தான?"

"ஆமா மேடம்."

"இப்ப பொய் சொல்றாங்கன்னு எழுதிருக்கே."

"பொய்ன்னு எழுதல மேடம். அவங்க பதிலே சொல்லல. பட்டையோட சத்தத்த நிறுத்துனாங்க, அவ்வளவுதான். நான் அத பதில்னு எடுத்துக்கிட்டேன்."

மேடம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒன் மதிப்பெண் முழுசும் போயிரும். பதவி உயர்வு இனி ரெண்டு வருசத்துக்குப் பேசவே முடியாது."

"தெரியும் மேடம்."

"இதக் கண்டுபிடிச்சது யாரு?"

"என்கூடப் படிக்கிற ஒரு சித்த மருத்துவர். ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க." கேள்வியைச் சொன்னேன். மேடம் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, திருத்தத்துக்கு ஒப்புதல் கொடுத்தார்.

தரம் இறங்கியதும் இயந்திரம் தன் முடிவைத் தானே தள்ளிப் போட்டது. அறுவை அறுபது நாள் ஒத்திவைப்பு, மறுபரிசீலனை. மறுத்ததாகவும் பதிவாகவில்லை. அப்பாவின் மாத்திரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதே வாரத்தில் வட்டாரத்தில் இன்னும் ஆறு பேருக்குக் குறித்திருந்த நாட்களும் தள்ளிப்போயின. அவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது.

தகரக் கதை மதினியின் கதை. அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கங்காணி பரமசிவத்திடம் போய் டாக்டர் சீட்டை நீட்டியிருக்கிறார். பரமசிவம் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்திருக்கிறார்.

"என்ன இது, சீட்டுல தகரம்னு போட்டிருக்கு?"

"மருந்துக் கடையில கேட்டேன் அண்ணாச்சி. அவங்கள்ட்ட இல்லயாம். ஒங்க கொட்டகைக்குப் பின்னால கெடக்குன்னு சொன்னாங்க."

"எந்தக் கோட்டிக்கார டாக்டர் இதெல்லாம் எழுதுறது?"

"கேட்டுச் சொல்லட்டுமா? இல்ல, நாங்க பன்னெண்டு பேரும் இன்னைக்கு ஒங்க வீட்டுப் பாத்ரூமுக்கே வந்துட்டுப் போகட்டுமா? வேனு இருக்கு. போக வர முக்கா மணிதான்."

பதினோரு பெண்களும் பலகையைக் கரையில் சாய்த்து வைத்துவிட்டு நின்றிருக்கிறார்கள். யாரும் சத்தம் போடவில்லையாம். பரமசிவம் கொட்டகைப் பக்கம் போனார். மறுநாள் வடக்குக் கரையில் நாலு தகரமும் ஒரு கதவும் நின்றன. உள்பக்கத் தாழ்ப்பாளை மட்டும் மதினி தன் கைப்பட வாங்கிப் போய் மாட்டினார். அந்த ஒன்றில் பரமசிவத்தை நம்ப முடியாது என்றார்.

ஏப்ரல் இருபத்து நாலாம் தேதி நாற்பத்தெட்டு நாள் முடிந்தது. நடுவில் மூன்று முறை ஆய்வகத்துக்குப் போனோம். தொடக்கத்தில் நூற்றுக்கு ஐம்பத்திரண்டு என்று இருந்த சிறுநீரகச் செயல்பாடு ஐம்பத்தெட்டு, அறுபத்தைந்து என்று ஏறி எழுபத்தொன்றில் நின்றது. தலைவலி போய்விட்டது. கால் வீக்கம் போய்விட்டது. மறுபரிசீலனையில் நலத்துணை அறுவை தேவையில்லை என்று அதே அன்பான குரலில் சொன்னது. ஏன் முன்பு தேவைப்பட்டது என்று சொல்லவில்லை.

"நூறு வராதா அக்கா?" என்று கேட்டேன்.

"வராது. போனது போனதுதான். இருக்குறதக் காப்பாத்திக்கலாம்" என்றார் மெற்றில்டா அக்கா. மதினி கொண்டுபோயிருந்த கருவாட்டுப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஃபீஸ் ஜாஸ்தி" என்றார்.

இதோடு முடிந்திருந்தால் இதை நான் கதையாக எழுதியிருக்க மாட்டேன்.

மே பதினொன்றாம் தேதி பிரின்சி மேடம் சிரித்த முகத்தோடு என் மேசைக்கு வந்தார். அவர் எழுதிக்கொண்ட அந்தக் கேள்வி சென்னைக்குப் போய், ஒப்புதல் ஆகி, வெளியில் வேலை செய்கிற எல்லாப் பெண்களின் பட்டையிலும் அன்று காலை ஏறியிருந்தது. "நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒதுங்குவதற்கு வசதி உள்ளதா?" பச்சைக்கு ஆம். சிவப்புக்கு இல்லை.

"முடிவு வந்துட்டு பாரு" என்றார் மேடம். திரையில் எங்கள் மாவட்டத்து உப்பளங்கள் இருந்தன. ஆம், தொண்ணூற்றெட்டு சதவீதம். "நாம பயந்த அளவுக்கு இல்ல. ரெண்டு சதவீதத்துக்குத்தான் பிரச்சன. அதுக்கு ஏற்பாடு பண்ணிரலாம்."

பதில் வர ஆன நேரத்தைப் பார்த்தேன். சராசரி மூன்று நொடி.

மாலையில் வகுப்புக்கு வெளியே நின்று மெற்றில்டா அக்காவிடம் சொன்னேன். அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கையிலிருந்த கடலைப் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி யாராவது தகரம் கேட்டா, நூத்துல தொண்ணூத்தெட்டு பேருக்கு இருக்கேன்னு சொல்லுவாங்க" என்றார். "என் கேள்விய வாங்கி மாமியா வாயில வச்சுட்டாங்க."

"ஒங்க கேள்வி சரிதான அக்கா."

"கேள்வியிலயா தம்பி இருக்கு?"

அவர் வகுப்புக்குள் போனார். நான் அன்று வகுப்பில் எதையும் எழுதவில்லை. வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னேன். அவர் பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"காலையில அது கத்துச்சு. என்ன கேட்டுச்சுன்னே நான் கவனிக்கல. அமுக்கிட்டேன்" என்றார். "எனக்கு இப்ப எடம் இருக்கு, சரி. பக்கத்து அளத்துப் பிள்ளைகளுக்கு ஒண்ணும் கெடயாது. அவங்களும் அமுக்கிருப்பாங்க." பிறகு, "நாளைக்கு நீ லீவு போடுவியா கொழுந்தனாரே?" என்றார்.

"எதுக்கு?"

"பானை தூக்க."

மே பன்னிரண்டு, செவ்வாய்க்கிழமை. பதினோரு பெண்களில் ஒருத்தியிடம் தன் பாத்தியை ஒப்படைத்துவிட்டு மதினி முன்னால் நடந்தார். நான் மோர்ப் பானையையும் டம்ளர் சாக்கையும் சுமந்துகொண்டு பின்னால் போனேன். ஒன்பதரைக்குப் பக்கத்து அளத்தில் சாப்பாட்டு நேரம். கொட்டகை நிழலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மதினிக்கு எல்லாரையும் தெரியும்.

"என்ன சந்தனக்கனி, ஒங்க அளத்துல மோர் பொங்கி வழியுதா?" என்றாள் ஒருத்தி.

"நேத்து ஒறையூத்துனது மிஞ்சிட்டு. ஒங்களுக்கெல்லாம் புண்ணியமாப் போகட்டும்" என்றார் மதினி.

ஒவ்வொரு டம்ளராக ஊற்றி ஒவ்வொருத்தி முன்னாலும் வைத்தார். ஒன்றும் கேட்கவில்லை. உட்கார்ந்து, யார் மகளுக்குக் கல்யாணம், யார் மாடு கன்று போட்டது என்று பேசத் தொடங்கினார். நான் கொட்டகைக்கு வெளியே, கரையின் திருப்பத்தில், அவர்களுக்கு முதுகு காட்டி நின்றேன். நடுவில் எல்லார் கையிலும் பட்டைகள் ஒன்றாகக் கத்தின. பேச்சு ஒரு நொடிகூட நிற்காமல், ஒவ்வொரு பட்டையாக வாயை மூடிக்கொண்டது.

அரை மணி நேரம் ஆனதும் பெண்கள் பலகையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனார்கள். மதினி என்னைக் கூப்பிட்டார்.

டம்ளர்களை எண்ணினேன். பதினேழு. சந்தேகம் தீர மறுபடி எண்ணினேன். பதினேழு.

பதினேழும் ததும்ப நிறைந்திருந்தன. ஒவ்வொன்றின் விளிம்பிலும் உதடு ஒற்றிய ஒரு தடம் மட்டும் இருந்தது.

நோட்டை எடுத்து, கோட்டுக்கு இடப்பக்கம், மணி பத்து ஐந்து என்று எழுதினேன். அதற்குள் மதினி மோரை மறுபடி பானையில் ஊற்றிவிட்டு, அடுத்த அளத்தின் கொட்டகையைப் பார்த்து நடக்கத் தொடங்கியிருந்தார்.